படிக்காத நூல்களின் பட்டியல்: ஓர் இணையதளத்தின் சான்றுகளைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அறிவியல், மொழி, வரலாறு ஆகிய துறைகளில் பொது வாசகர்களுக்காகத் தமிழில் கட்டுரைகள் வெளியிட்டுவந்த ஒரு சிறிய இணையதளத்தில் நிகழ்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊதியமின்றி எழுதியவர்கள் ஏழு பேர், பதிப்பாசிரியர்கள் இருவர். அந்த இருவரில் நானும் ஒருவன். சில ஆண்டுகளில் 140க்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்திருந்தன.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'துணைநூற்பட்டியல்' என்ற தலைப்பில் நான்கைந்து வரிகள் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே எங்கள் வழக்கம். அந்த வரிகளை எப்படி எழுதுவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு எந்த விதியையும் நாங்கள் எழுதிவைக்கவில்லை. ஒருவர் நூலின் பெயரை மட்டும் தருவார். மற்றொருவர் இணைய முகவரியை அப்படியே ஒட்டுவார். வேறொருவர் 'பல்வேறு இணையதளங்கள்' என்று எழுதி முடித்துக்கொள்வார். பட்டியல் இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, கட்டுரையின் எந்த வாக்கியம் பட்டியலின் எந்த நூலிலிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பின்னால் நேர்ந்தவை பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்காததால் நேர்ந்தவை.

## ஒரு வாக்கியத்துக்கு வந்த கேள்வி

சத்துணவு பற்றிய ஒரு கட்டுரையில் இப்படி ஒரு செய்தி இருந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசலைக்கீரையின் இரும்புச்சத்தை அளந்த ஜெர்மானிய ஆய்வாளர் தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார், அதனால் அளவு பத்து மடங்காகப் பதிவாயிற்று, 1930களில் பிழை கண்டுபிடிக்கப்படும்வரை உலகம் அதை நம்பியது, பாப்பாய் என்ற கேலிச்சித்திரப் பாத்திரம் கீரையைத் தின்று வலிமை பெறுவதும் அந்தப் பிழையால்தான். சுவையான கதை என்பதால் கட்டுரையின் தொடக்கத்திலேயே அதை வைத்திருந்தோம்.

ஒரு வாசகர் மின்னஞ்சலில் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஜெர்மானிய ஆய்வாளரின் கட்டுரையை நீங்கள் பார்த்தீர்களா, அதில் புள்ளி எங்கே இருக்கிறது? கேள்வியில் கடுமை இல்லை. விடை எங்களிடம் இல்லை என்பது அஞ்சலைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது.

கட்டுரையின் அடியில் நான்கு சான்றுகள் இருந்தன. முதலாவது ஓர் உடல்நலத் தளத்தின் முகவரி. அதைத் திறந்தால் பக்கம் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. இரண்டாவது ஓர் ஆங்கில இதழ்க் கட்டுரை; தசமப் புள்ளிக் கதை அதில் இருந்தது. மூன்றாவது, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1981இல் வெளியிட்ட டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவரின் கட்டுரை. நான்காவது ஒரு சத்துணவு நூல். பக்க எண் தரப்படவில்லை.

கட்டுரையை எழுதியவரிடம் கேட்டபோது, இரண்டாவது சான்றை மட்டுமே தாம் படித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். மூன்றாவது, அந்த இதழ்க் கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. நான்காவது, முன்பு எழுதிய வேறொரு கட்டுரையின் பட்டியலிலிருந்து வந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்குக் கிஞ்சித்தும் இல்லை. புகழ்பெற்ற மருத்துவ இதழின் பெயர் இருந்தால் வாசகர் நம்புவார் என்று நினைத்தார். அப்படி நினைக்கும்படி எங்கள் வழக்கமே அவரைப் பழக்கியிருந்தது.

## சங்கிலியைப் பின்தொடர்ந்தபோது

ஒரு நூலகத்தின் வழியாக 1981ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பெற்றுப் படித்தோம். ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1930களில் பிழையைக் கண்டறிந்தார்கள் என்று அது சொல்கிறது. அதற்கு எந்தச் சான்றையும் தரவில்லை. மருத்துவ இதழில் அச்சான ஒரே காரணத்தால் அதை அடுத்தவர் எடுத்தாண்டார், அவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தாண்டார், கடைசியில் நாங்கள் எடுத்தாண்டோம்.

இதே தேடலை எங்களுக்கு முன்பே செய்தவர்கள் இருந்தார்கள். குற்றவியல் அறிஞரான மைக் சட்டன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தசமப் புள்ளிப் பிழை நேர்ந்ததற்கான சான்று தமக்குக் கிடைக்கவில்லை என்று பதிவுசெய்தார். 1932ஆம் ஆண்டு வெளியான ஒரு சித்திரக்கதைத் துண்டில், தான் கீரை தின்பது வைட்டமின் ஏ சத்துக்காக என்று பாப்பாயே சொல்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். இரும்புச்சத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் நாங்கள் போட்ட முடிச்சு அத்துடன் அவிழ்ந்தது. நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் 'சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயின்ஸ்' இதழில் இந்தக் கீரைக் கதையையே உதாரணமாகக் கொண்டு, ஆய்வாளர்கள் மூலத்தைப் பார்க்காமல் ஒருவர் அடிக்குறிப்பை மற்றொருவர் பெயர்த்தெழுதுவதால் ஆதாரமற்ற செய்திகள் கல்வி உலகில் எப்படி வேரூன்றுகின்றன என்று விரிவாக எழுதினார். அவர் விவரித்த பிழையை அதே கதையைக் கொண்டு, அவர் கட்டுரை வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் செய்திருந்தோம்.

இன்னொரு சிக்கலும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பசலை என்ற சொல்லை ஸ்பினாச் என்ற செடிக்கும் வழங்குகிறோம்; கொடியாகப் படரும், வேறு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த கீரைக்கும் வழங்குகிறோம். நாங்கள் தந்த அளவு ஸ்பினாச்சுக்கு உரியது: அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுப்படி நூறு கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு. கட்டுரையில் வைத்த படமோ கொடிப்பசலையின் படம். மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் அங்கிருந்த தாவரவியல் பெயரே எங்களை எச்சரித்திருக்கும்.

அந்தப் பத்தியை உடனே நீக்கி, நீக்கியதற்கான காரணத்தைத் தேதியுடன் கட்டுரையின் அடியில் எழுதினோம். பிறகு, மற்றக் கட்டுரைகள் எல்லாவற்றையும் இதே கண்ணோட்டத்துடன் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

## முழுத் தணிக்கையில் கண்டவை

தணிக்கை இரண்டு மாதங்கள் நடந்தது. ஒவ்வொரு கட்டுரையிலும் மூன்று வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மூலத்தைக் காட்டும்படி எழுதியவரையே கேட்டோம்.

இறந்துபோன இணைப்புகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். இது எங்கள் தளத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்திக்கு இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014இல் காட்டியிருந்தார்கள். அந்த ஆய்வு வேறொன்றையும் புரியவைத்தது. பக்கம் திறக்கிறது என்பதாலேயே சான்று உயிரோடு இருக்கிறது என்று கொள்ள முடியாது. முகவரி அப்படியே இருக்க, உள்ளே இருந்த செய்தி மாறியிருக்கலாம். எங்கள் கட்டுரைகளில் அப்படிப்பட்டவை பல இருந்தன. ஒரு பக்கத்தை நாங்கள் எந்த நாளில் பார்த்தோம் என்ற குறிப்பே இல்லாததால், அப்போது அங்கே என்ன எழுதியிருந்தது என்று நிறுவ வழியில்லாமல் போயிற்று.

மூன்று பதிவுகள் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லாத நூல்களைச் சுட்டின. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் பொருத்தமாகவே இருந்தன. ஒன்றில் தரப்பட்டிருந்த டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒரு வெளியீட்டைச் சுட்டும் நிலையான அடையாள எண்) திறந்தால் தொடர்பே இல்லாத வேறொரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சான்று கேட்டு, அது தந்ததைச் சரிபார்க்காமல் சேர்த்திருந்தார். 2023இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இப்படிச் செயலி புனைந்த தீர்ப்புகளைச் சான்றாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்ததை அவருக்குச் சொன்னபோது, தம்முடைய பிற கட்டுரைகளையும் தாமே முன்வந்து மறுபடி சரிபார்த்தார்.

மிகவும் மனத்தை வருத்தியது மொழிபெயர்ப்பு தொடர்பானது. மூத்த எழுத்தாளர் ஒருவரின் கட்டுரைகளில் மூன்று, ஆங்கில மூலங்களைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கியவை என்று தெரியவந்தது. இரண்டு விக்கிப்பீடியாவிலிருந்து வந்தவை. ஒன்று பதிப்புரிமை உள்ள நூலின் ஓர் இயல். "ஒவ்வொரு சொல்லையும் நான்தானே தம்பி எழுதினேன், இதில் என்ன தவறு?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே அவருக்கு அது தவறாகத் தோன்றவில்லை. தமிழில் எழுதும் பலர் மொழிபெயர்ப்பைத் தம் சொந்த எழுத்தாகவே எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு பெரியது என்பதால் அப்படித் தோன்றுகிறது. "சொல் உங்களுடையதுதான் ஐயா, எதை முதலில் சொல்வது, எந்த உதாரணத்தைக் காட்டுவது, எங்கே போய் முடிப்பது என்று தீர்மானித்தவர் வேறொருவர். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: படித்ததை மட்டுமே சான்றாகக் காட்டுவது. ஹாம்ப்ளின் சொன்னதை ரெக்டாலின் கட்டுரையில் படித்தோம் என்றால், 'ஹாம்ப்ளின் 1981, ரெக்டால் 2014இல் எடுத்தாளப்பட்டவாறு' என்று எழுதுவோம். பட்டியலில் ரெக்டால் மட்டும் இடம்பெறுவார். பட்டியலின் எடை இதனால் குறையும் என்று சிலர் தயங்கினர். குறைந்த எடையே அதன் உண்மையான எடை என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எந்த வாக்கியத்துக்குச் சான்று வேண்டும் என்பதில் நெடிய விவாதம் நடந்தது. எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் கட்டுரையைப் படிக்க முடியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு யாரும் அடிக்குறிப்புக் கேட்கப்போவதில்லை. எண்கள், நேரடி மேற்கோள்கள், அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள செய்திகள், பிறருடைய விளக்கமோ வாதமோ, 'முதன்முதலாக', 'மிகப் பெரிய' போன்ற உச்சநிலைக் கூற்றுகள் ஆகியவற்றுக்குக் கட்டாயம் சான்று வேண்டும் என்று முடிவுசெய்தோம். மறுபரிசீலனையில் அதிகம் உதவியது கடைசி வகைதான். 'முதன்முதலாக' என்ற சொல்லைத் தளம் முழுவதும் தேடி எடுத்து மூலம் கேட்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றை 'தொடக்க காலத்தில்' என்று தளர்த்த வேண்டியிருந்தது.

அடுத்து, பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். கட்டுரையின் வாக்கியங்களோடு எண்ணாலோ குறியாலோ இணைக்கப்பட்டவை 'சான்றுகள்' என்ற தலைப்பில் வந்தன. ஆர்வமுள்ளவர் தொடர்ந்து படிப்பதற்கானவை 'மேலும் படிக்க' என்ற தலைப்பில் வந்தன. ஒரே பட்டியலாக இருந்தவரை, எழுத்தாளர் பயன்படுத்திய நூல் எது, பரிந்துரைக்கும் நூல் எது என்று வாசகரால் அறிய முடியவில்லை. பழைய பட்டியல்களில் இருந்தவற்றுள் பாதிக்கு மேல் இரண்டாம் தலைப்புக்குப் போயின.

சான்றுகளை எழுத எந்த நடையைப் பின்பற்றுவது என்பதில் அதிக நேரம் செலவிடவில்லை. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்று பரவலாக வழங்கும் மூன்று நடைகளுக்கும் விரிவான கையேடுகள் உள்ளன. ஐஎஸ்ஓ 690 என்ற பன்னாட்டுத் தரமும் உண்டு. வாசகர் அந்த மூலத்தைத் தேடிக் கண்டடையத் தேவையானவை எல்லாம் இருக்க வேண்டும், தளம் முழுவதும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எந்தக் கையேடு என்பது அதற்குப் பிறகுதான். ஆசிரியர், ஆண்டு என்ற வரிசையை எடுத்துக்கொண்டோம். ஏபிஏ கையேட்டின் 2019ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பு பதிப்பகத்தின் ஊரை விட்டுவிடுகிறது; ஒத்த பெயருள்ள பதிப்பகங்கள் இருப்பதால் நாங்கள் ஊரை விடவில்லை. மறுபதிப்புகளுக்கு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டுடன் முதற்பதிப்பின் ஆண்டையும் குறித்தோம். வெறும் மறு அச்சைக்கூட 'இரண்டாம் பதிப்பு' என்று போடும் வழக்கம் இருப்பதாலும், அச்சுக்கு அச்சு பக்க எண் மாறுவதாலும் இது தேவைப்பட்டது.

பழந்தமிழ் நூல்களுக்குப் பக்க எண் பயன்படாது. புறநானூறு என்றால் பாடல் எண்ணும் அடி எண்ணும் தர வேண்டும். அவை எந்தப் பதிப்பை வைத்திருப்பவருக்கும் பயன்படும். பாட வேறுபாடுகள் உண்டு என்பதால் பதிப்பையும் குறிக்க வேண்டும். குறளுக்கு எண் மட்டும் போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால், அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுகிறது. இன்று பரவலாக வழங்குவது பரிமேலழகர் வைத்த வரிசை. ஆகவே வேறோர் உரையைப் பயன்படுத்தினால் அதையும் குறிப்பிட வேண்டும் என்று விதியில் சேர்த்தோம்.

இணையப் பக்கங்களுக்கு, ஆசிரியர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான நாள், முகவரி ஆகியவற்றுடன் நாங்கள் பார்த்த நாளும் கட்டாயமாயிற்று. மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் பார்த்த நாளைத் தந்தால் போதும் என்று ஏபிஏ சொல்கிறது; எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களுக்குத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் தந்தோம். மேலும், சான்றாகக் காட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதும் நாளிலேயே இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியையும் மூல முகவரிக்குப் பக்கத்தில் வைத்தோம். 1996இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2001 முதல் பழைய பக்கங்களை யாரும் பார்க்கும்படி திறந்துவைத்திருக்கிறது. எங்கள் இறந்த இணைப்புகள் பலவற்றுக்கு உயிர் கொடுத்ததும் அதுதான்.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ, நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்று அடையாள எண்களைச் சேர்த்தோம். 10 என்ற எண்ணுடன் தொடங்கும் டிஓஐ, இதழின் தளம் இடம் மாறினாலும் கட்டுரைக்கு வழிகாட்டும். வெளியீட்டாளர் புதிய முகவரியைப் பதிவுசெய்துவந்தால் போதும். ஐஎஸ்பிஎன் எண்ணில் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பதின்மூன்று இலக்கங்களை மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இந்தச் சோதனையை நிரலில் வைத்த முதல் நாளிலேயே பல தவறான எண்கள் சிக்கின. 2007க்கு முற்பட்ட நூல்களில் இருப்பது பத்து இலக்க எண் என்பதால் அவற்றுக்குச் சோதனை முறை வேறு.

மொழிபெயர்ப்பான மூன்று கட்டுரைகளில், விக்கிப்பீடியாவிலிருந்து வந்த இரண்டையும் தக்கவைத்தோம். அதன் உள்ளடக்கத்தைப் படைப்பாக்கப் பொதுமங்களின் (கிரியேட்டிவ் காமன்ஸ்) பகிர்வு உரிமத்தின்படி மொழிபெயர்க்கலாம். மூலத்தைச் சொல்ல வேண்டும், செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் தர வேண்டும். மூன்றையும் கட்டுரையின் தலைப்பிலேயே செய்தோம். நூலிலிருந்து வந்ததை நீக்கினோம். அதை எழுதியவர் வேறு பல மூலங்களைப் படித்துப் பின்னர் புதிதாக எழுதித் தந்தார்.

## பெயர்களும் அகரவரிசையும்

இந்தப் பகுதியில் எங்களுக்கு வழிகாட்டி எதுவும் கிடைக்கவில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பதிவுகளைச் சேர்த்துவைக்க, 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான சொட்டேரோ என்ற இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். அது பெயரைக் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு புலங்களாக, அதாவது நிரப்பும் கட்டங்களாகக் கேட்கிறது. தமிழ்ப் பெயரில் முன்னால் நிற்பது தந்தை பெயரின் அல்லது ஊர்ப் பெயரின் முதலெழுத்து. பின்னால் நிற்பது இயற்பெயர். மு. வரதராசன் என்ற பெயரை நூலகப் பட்டியல்கள் 'வரதராசன், மு.' என்று தரும். இயற்பெயரில் வரிசைப்படுத்துவது தமிழுக்குப் பொருந்தும் வழி. எங்கள் எழுத்தாளர்கள் சிலர் மென்பொருளின் 'குடும்பப் பெயர்' என்ற சொல்லைக் கண்டு முதலெழுத்தை அதில் இட்டுவிட்டார்கள். விளைவாக, மு என்ற எழுத்தின் கீழ் தொடர்பில்லாத பத்துப் பேர் திரண்டனர். புலத்தின் பெயரைப் பொருட்படுத்தாமல் இயற்பெயரை முதற்புலத்திலும் முதலெழுத்தை இரண்டாம் புலத்திலும் இடுவது என்று விதி செய்தோம். புனைபெயர்களுக்கும் நிறுவனங்களின் பெயர்களுக்கும், பெயரை ஒரே புலமாக உள்ளிட அந்த மென்பொருளில் உள்ள வசதியைப் பயன்படுத்தினோம்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்கள் வேறு வகைத் தொல்லை தந்தன. உ.வே. சாமிநாதையரின் பெயர் சில நூல்களில் எஸ் எழுத்தில் தொடங்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சி எழுத்தில் தொடங்கும். இருவர் என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. நூலில் அச்சான வடிவத்தைப் பதிவில் தந்துவிட்டு, வரிசைக்குத் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்தினோம்.

பிறகு அகரவரிசை. பட்டியலைக் கணினி தானாக வரிசைப்படுத்தியபோது கமலா முதலிலும் கம்பன் பிறகும் வந்தார்கள். தமிழ் அகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும் என்பதால் கம்பன் முன்னால் வர வேண்டும். அழகன் முன்னாலும் அவ்வை பின்னாலும் வந்ததும் தவறு. தமிழ் நெடுங்கணக்கில் வகரம் ழகரத்துக்கு முந்தியது. காரணம் எளியது: யூனிகோடில் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்களின் வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. ளகரமும் ழகரமும் அங்கே வகரத்துக்கு முன்னால் உள்ளன. புள்ளி எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் உள்ளது. ஒவ்வொரு மொழிக்கும் உரிய வழக்கங்களைக் கணினிக்காகத் தொகுத்த, யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழுக்குரிய வரிசை விதி தனியாக உள்ளது. உலாவிகளின் வரிசைப்படுத்தும் கருவியில் மொழியைத் தமிழ் என்று குறித்தால் அது செயல்படும். ஒரே வரி நிரல்தான். அந்த ஒரு வரியைக் கண்டறிய எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

## இடையில் நேர்ந்த தவறு

புதிய முறைக்கு மாற்றிய முதல் தொகுதியில், அடிக்குறிப்புகளுக்கு வரிசை எண்களைக் கையால் இட்டோம். ஒரு கட்டுரையின் நடுவில் புதிய சான்று ஒன்றைச் சேர்த்தபோது பட்டியலின் எண்கள் ஒவ்வொன்று நகர்ந்தன. வாக்கியங்களில் இருந்த எண்கள் நகரவில்லை. ஏழாம் எண்ணைத் தொட்ட வாசகர் தவறான நூலுக்குப் போனார். பதினொரு கட்டுரைகள் இந்த நிலையிலேயே வெளியாகிவிட்டன. மற்றொரு பதிப்பாசிரியர் தற்செயலாகக் கண்டுபிடிக்கும்வரை பத்து நாட்கள் யாரும் கவனிக்கவில்லை. தவறான சான்று, சான்றே இல்லாததைவிடக் கெட்டது. ஏனெனில், அது தேடுபவரின் நேரத்தையும் நம்பிக்கையையும் சேர்த்து வீணாக்குகிறது. நாங்கள் சீரமைப்பு என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தோம்.

அதன் பிறகு, ஒவ்வொரு மூலத்துக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்ந்த மாறாத குறி ஒன்றை வைத்தோம். வாக்கியத்தில் அந்தக் குறியே இடம்பெறும். எண்களைப் பக்கம் உருவாகும்போது நிரல் தரும். எல்லாப் பதிவுகளும் ஒரே தரவுக்கோப்பில் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையின் பட்டியலும் தளம் முழுமைக்குமான துணைநூற்பட்டியலும் அதிலிருந்தே பிறக்கும். ஒரு நூலின் ஆண்டைத் திருத்தினால் அந்த நூலைச் சுட்டும் எல்லா இடங்களிலும் திருந்தும். பொதுப் பட்டியலில் ஒவ்வொரு நூலின் கீழும் அதைப் பயன்படுத்திய கட்டுரைகளின் பெயர்களும் வரும்படி செய்தோம்.

## விளைவு

முழுவேலையும் முடிய எட்டு மாதங்கள் ஆயின. பெரும்பாலான கட்டுரைகள் சான்றுகளுடன் திரும்ப வந்தன. பதினேழு கட்டுரைகளை மூலம் கிடைக்காததால் விலக்கிக்கொண்டோம். மேலும் சில, 'சான்றுகள் சரிபார்க்கப்படவில்லை' என்ற அறிவிப்புடன் இன்னும் இருக்கின்றன. ஓர் எழுத்தாளர், இது எழுத்தல்ல, கணக்கெழுதும் வேலை என்று சொல்லிவிட்டு விலகினார். அவரை இழந்தது எங்களுக்குக் குறைதான்.

கட்டுரைகளின் நீளம் குறைந்தது. மூலம் காட்ட முடியாத வாக்கியங்கள் தாமாக உதிர்ந்தன. உதிர்ந்தவற்றில் பல, படிக்கச் சுவையானவை. வாசகர்களின் கேள்விகளும் மாறின. முன்பு 'இது உண்மையா' என்று கேட்டவர்கள், இப்போது 'நீங்கள் காட்டிய நூலின் 112ஆம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று எழுதுகிறார்கள். அப்படிக் கிடைத்த திருத்தங்களைத் தேதியோடு வெளியிடுகிறோம்.

சான்று சரியாக இருந்தும் பயன்படாமல் போன ஒரு நேர்வும் உண்டு. உடல்நலக் கட்டுரை ஒன்று சுட்டிய ஆய்வுக்கட்டுரையை அதன் இதழே பின்னர் திரும்பப் பெற்றிருந்தது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் அமைப்பு தொகுத்த தரவுத்தளத்தை, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் நிறுவனம் 2023இல் வாங்கி அனைவருக்கும் திறந்துவிட்டதால், எங்கள் டிஓஐ எண்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இப்போது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அந்த ஒப்பீட்டைச் செய்கிறோம்; இறந்த இணைப்புகளைத் தேடும் நிரலும் அதனுடன் ஓடுகிறது.

## மறுபடி செய்தால் மாற்றக்கூடியவை

எழுதி முடித்த பின் சான்று தேடுவதை அடியோடு நிறுத்தியிருப்பேன். எங்கள் பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை. முடிவை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு நூலைத் தேடினால், பொருந்துவது போலத் தோன்றும் ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும். படிக்கும்போதே பக்க எண்ணுடன் குறிப்பெடுப்பது, குறிப்பில் நூலின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும் தம் சொற்களை வெளியிலும் வைப்பது என்ற இரண்டையும் முதல் நாளே புதிய எழுத்தாளருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இப்போது சொல்லிக்கொடுக்கிறோம்.

எல்லாக் கட்டுரைகளையும் ஒரே வரிசையில் எடுத்ததும் சரியன்று. உடல்நலம் பற்றியவற்றை முதலில் எடுத்திருக்க வேண்டும்; அவற்றில் உள்ள தவறு ஒருவரின் உடலைத் தொடக்கூடியது. நாங்கள் அகரவரிசைப்படி போனதால், திரும்பப் பெறப்பட்ட ஆய்வைச் சுட்டிய கட்டுரை ஐந்து மாதங்கள் அப்படியே கிடந்தது.

மூத்த எழுத்தாளரிடம் பேசிய முறையையும் மாற்றியிருப்பேன். தணிக்கையின் முடிவு எழுத்தாளர் குழு முழுவதற்கும் ஒரே நேரத்தில் போனதால், தம் கட்டுரைகளைப் பற்றி மற்றவர்கள் அறிந்த பிறகே அவர் அறிந்தார். முதலில் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு, தேடிக் கண்டவை அனைத்தையும் எழுதி, திருத்திய கட்டுரையின் இணைப்பையும் அனுப்பினோம். ஒரு வாரத்தில் விடை வந்தது. திருத்திய பட்டியலில் ரெக்டாலின் கட்டுரைக்கு நாங்கள் தந்திருந்த பக்க எண்களில் ஒன்று தவறு என்று சுட்டிக்காட்டியிருந்தார். பார்த்தோம், அவர் சொன்னது சரி. அன்றே மாற்றினோம்.